முப்பத்தெட்டுச் சாக்கு இடிபாடு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு வேதியியலும் தெரியாது, இயற்பியலும் தெரியாது. நான் டிரைவர். தடய அறிவியல் கூடத்தில் வெடிப்புப் பிரிவின் வேனைப் பத்தொன்பது வருடமாக ஓட்டுகிறேன். எங்கேயாவது எதுவாவது வெடித்தால் ஊரே அங்கிருந்து ஓடி வரும், நாங்கள் அங்கே போவோம். பத்தொன்பது வருடமும் என் வண்டியில் வந்தது ஒரே அதிகாரிதான். கூடத்தில் அவருக்குச் 'சல்லடை' என்று பெயர். எதிரில் நின்றால் 'சல்லடை மேடம்'. அவருக்கும் அது தெரியும், சிரித்துக்கொள்வார். எனக்கு 'ஹாரன்' என்று பெயர். மெதுவாகப் பேச வராது, அதனால். யாராவது அப்படிக் கூப்பிட்டால் நான் சிரிக்க மாட்டேன், சண்டைக்குப் போவேன்.

அவருக்கு ஏன் அந்தப் பெயர் என்றால், வெடித்த இடத்தில் இருக்கும் மண், கண்ணாடி, காரை எல்லாவற்றையும் சாக்கில் அள்ளிக்கொண்டு வந்து, கூடத்துக்குப் பின்னால் இருக்கும் கொட்டடியில் பெரிய கண் சல்லடையில் ஒரு தடவை, சின்னக் கண் சல்லடையில் ஒரு தடவை சலிப்பார். கூலிக்கு ஆள் வைத்துச் சலிக்கலாம், அதற்கு அனுமதியும் உண்டு. ஒத்துக்கொள்ள மாட்டார். "அவங்களுக்கு எது குப்பைன்னு தெரியும் அண்ணே. எனக்கு அது தெரியக் கூடாது" என்பார். எனக்கு அது ஆரம்பத்தில் விளங்கவில்லை. இப்போதும் முழுசாக விளங்கியது என்று சொல்ல மாட்டேன்.

வெடித்த இடத்துக்குப் போனால் எல்லோரும் நேராக நடுவில் போய் நிற்பார்கள். மேடம் முதுகைக் காட்டிக்கொண்டு வந்த வழியே திரும்பி நடப்பார். எந்தத் துண்டு எல்லாவற்றையும் விடத் தூரத்தில் போய் விழுந்திருக்கிறது என்று தேடுவார். அது கிடைத்ததும், அந்தத் தூரத்தோடு இன்னும் பாதியைக் கூட்டி அங்கே கயிறு கட்டச் சொல்வார். அங்கிருந்துதான் வட்டம் வட்டமாக உள்ளே வருவார். ஒரு தடவை புது இன்ஸ்பெக்டர் ஒருவர் என்னிடம், "என்னய்யா, மேடம் வாக்கிங் போறாங்களா?" என்று கேட்டார். "ஆமா சார், டாக்டர் சொல்லியிருக்காரு" என்றேன். மனிதர் நம்பிவிட்டார்.

வீட்டில் அவர் சாதாரணப் பெண்மணிதான். கணவர் பல் செட் செய்கிறவர். ஒரே மகள் கல்லூரியில் படிக்கிறாள், என்னை மாமா என்று கூப்பிடுவாள். சாயங்காலம் கணவன் மேலெல்லாம் பல் தூள், மனைவி மேலெல்லாம் சுவர்த் தூள். "எங்க வீட்டுல சோப்புக்குத்தான் அதிகச் செலவு மாமா" என்பாள் அந்தப் பிள்ளை. மேடம் இந்தக் கூடத்தில் சேர்ந்ததே கண்ணாடிக் குடுவை கழுவும் வேலைக்கு. மாலைக் கல்லூரியில் படித்து, பரீட்சை மேல் பரீட்சை எழுதி, கழுவிய குடுவையிலேயே பிறகு ஆராய்ச்சி செய்தார். யாரும் தூக்கி விட்டதில்லை. அதனால்தானோ என்னவோ, தப்பு செய்துவிடக் கூடாது என்று அவருக்கு எப்போதும் ஒரு பயம் உண்டு. வெடித்த இடத்தில் கால் வைக்கும் முன் தன் கையையும் செருப்பையும் சல்லடையையும் பஞ்சால் துடைத்து, அதை ஒரு உறையில் போட்டு முத்திரை வைப்பார். "முதல் சந்தேகம் நம்ம மேல வரணும் அண்ணே" என்பார்.

அப்படிப்பட்டவர்தான் தப்பாக எழுதினார். அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஒரு தெருவில் ஒட்டினாற்போல் நாலு வீடு. மூன்றாவது வீடு காலை எட்டரை மணிக்கு வெடித்தது. அந்த வீட்டுக்காரர்கள் இரண்டு நாள் வெளியூர் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார்கள். கணவர் தெருமுனையில் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார். ஐந்து வயது மகள் அவர் காலைக் கட்டிக்கொண்டு நின்றாள். மனைவி மட்டும் முன்னால் போய்க் கதவைத் திறந்து சுவிட்சைப் போட்டிருக்கிறாள். அவ்வளவுதான். அந்தப் பெண்ணுக்கு முப்பத்திரண்டு வயது.

நாங்கள் போனபோது தீ அணைந்திருந்தது. சமையலறைச் சுவரின் அடிப்பகுதி முழுக்க வெளியே தள்ளிக் கிடந்தது. மேல்பகுதி அப்படியே அந்தரத்தில் தொங்கியது. சிலிண்டர் கவிழ்ந்து காலியாகக் கிடந்தது, ரப்பர் குழாய் எரிந்து போயிருந்தது. அந்த நாலு வீட்டில் யாருக்கும் குழாய் கேஸ் இணைப்புக் கிடையாது, எல்லோரும் சிலிண்டர்தான். அவர்கள் வெளியூர் கிளம்புவதற்கு முந்தின நாள் ஒரு அடுப்பு ரிப்பேர்க்காரர் வந்து ரப்பர் குழாயை மாற்றிக் கொடுத்திருக்கிறார். இது போதாதா? அந்த ஏரியா இன்ஸ்பெக்டர் கண்ணில் வெளிச்சம் வந்துவிட்டது.

"மேடம், ஒரு வரி எழுதிக் கொடுங்க. சாயங்காலம் பத்திரிகைக்காரங்க வந்து நிப்பாங்க" என்று பின்னாலேயே வந்தார்.

மேடம் முதலில் மறுத்தார். மேலதிகாரி போனில் பிடுங்கினார். கடைசியில் வண்டியில் உட்கார்ந்து, மடியில் அட்டையை வைத்து எழுதினார். எழுதினதை வழக்கம்போல் எனக்கு வாசித்துக் காட்டினார். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, தண்ணீர் மாதிரி தரையோடு தேங்கும், அதனால் வெடிக்கும்போது சுவரின் அடியைத் தள்ளும். குழாய் கேஸ் லேசானது, மேலே ஏறும், சுவரின் மேல்பகுதியைத் தள்ளும். இங்கே அடிச்சுவர் போயிருக்கிறது, ஆகவே சிலிண்டர் கேஸ்தான் என்பது உறுதி. அவருக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்த கணக்கு அது. பதின்மூன்று இடங்களில் அது பொய்த்ததில்லை. எனக்கே மனப்பாடம்.

அன்று மாலையே அடுப்புக்காரரைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள்.

மறுநாள் முதல் ஒரு பெண் கூடத்தின் வாசல் கேட்டருகே வந்து உட்கார ஆரம்பித்தாள். நாற்பது வயதிருக்கும். காலையில் வருவாள், கூடம் மூடும்போது போவாள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை, மூன்றாம் நாள் தண்ணீர் பாட்டிலோடு போனேன்.

"யாரும்மா நீங்க? யாரப் பார்க்கணும்?"

"அடுப்பு ரிப்பேர் பண்றவரோட சம்சாரம்ண்ணே. யாரையும் பார்க்க வேணாம். ரிப்போர்ட் எழுதின அந்த அம்மா இங்கதான வேலை பார்க்கிறாங்க? நான் இங்க இருக்கேன்னு அவங்களுக்குத் தெரிஞ்சா போதும்."

எனக்கு வந்ததே கோபம். மிரட்டுகிறாளா என்று நினைத்தேன். அடுத்து அவள் சொன்னதைக் கேட்டுக் கோபமெல்லாம் இறங்கிவிட்டது.

"அவரு ரப்பர் குழாய்க் கிளிப்பை முடுக்காம விட்டிருக்க மாட்டாருண்ணே. வீட்டுல ஊறுகாய் பாட்டில் மூடியக்கூட ரெண்டு தடவை திருகிப் பார்க்கிற மனுஷன். ஆனா அவருக்கே இப்ப நம்பிக்கை போயிடுச்சு. போய்ப் பார்த்தா ஒண்ணே ஒண்ணுதான் கேட்கிறாரு: 'நான் முடுக்கினேனா?' சோறு இறங்கல. நாலஞ்சு நாள்ல குத்தத்தை ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டுடுவேன்னு சொல்றாரு. அந்தப் பொண்ணோட குழந்தை மூஞ்சி கண்ணுல நிக்குதாம்."

இதை மேடத்திடம் சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு நாள் யோசித்துவிட்டுச் சொன்னேன். அவர் உடனே எழுந்தார். சல்லடையை எடுத்துக்கொண்டு கொட்டடிக்குப் போனார். அந்த வீட்டிலிருந்து முப்பத்தெட்டுச் சாக்கு வந்திருந்தது.

ஒன்பதாம் நாள் காலையில் இன்ஸ்பெக்டர் போன் செய்தார். அடுப்புக்காரர் மறுநாள் வாக்குமூலம் கொடுக்கப் போகிறாராம். அதோடு மேடத்தின் இறுதி அறிக்கையையும் வைத்துவிட்டால் வழக்கு முடிந்த மாதிரிதானாம். மேடம் அப்போது முப்பத்தொன்றாவது சாக்கில் இருந்தார். பத்தே முக்கால் இருக்கும். "அண்ணே" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்.

அவர் கையில் ஒரு உலோகக் கட்டி. உருகி, கரிந்து, வெந்த உருளைக்கிழங்கு மாதிரி இருந்தது. சிலிண்டர் தலையில் மாட்டும் ரெகுலேட்டராம். மேல் உலோகம் சீக்கிரம் உருகிவிடும், உள்ளே இருக்கும் எஃகு ஊசி உருகாது. திருகைத் திறந்தால் ஊசி கீழே இறங்கும், மூடினால் மேலே ஏறும். இவ்வளவுதான் விஷயம். கட்டியை எக்ஸ்ரே எடுக்கக் கொடுத்துவிட்டு இருபது நிமிடம் நடைபாதையில் நின்றோம். அவர் கைவிரல்களைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

படம் வந்தது. ஊசி மேலே இருந்தது.

"மூடியிருக்கு" என்றார் மேடம். "அந்தப் பொண்ணு ஊருக்குக் கிளம்பும்போது ரெகுலேட்டரை மூடிட்டுத்தான் போயிருக்கா. அவ புருஷன் அன்னிக்கே சொன்னாரு, 'அவ எப்பவும் மூடிட்டுத்தான் கிளம்புவா'ன்னு. நான் காதுல போட்டுக்கல. சிலிண்டர் காலியானது அப்புறம் தீயில வால்வு எரிஞ்சு. கிளிப்பு முடுக்கினாலும் முடுக்கலைன்னாலும், குழாய்க்கே கேஸ் வரல."

"அப்ப அடுப்புக்காரர் மேல தப்பில்லையா?"

"இல்ல."

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. கேட்டருகே ஓடிப் போய்ச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். அப்போதுதான், என் வாய்தான் சும்மா இருக்காதே, ஒரு கேள்வி கேட்டேன்.

"அப்ப கேஸ் எங்கேருந்து மேடம் வந்துச்சு?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "வண்டியை எடுங்க" என்றார்.

வழியெல்லாம் போனில் கத்தினார். அவர் கத்தி நான் கேட்டதே கிடையாது. முதலில் குழாய் கேஸ் அலுவலகம். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"மேடம், அந்தத் தெருவுல நாங்க யாருக்கும் கனெக்‌ஷனே கொடுக்கலையே."

"கனெக்‌ஷன் கொடுத்தீங்களான்னு கேட்கல. தெருவுக்கு அடியில குழாய் போகுதா?"

எதிர்முனையில் ஏதோ காகிதம் புரளும் சத்தம். "ஆஸ்பத்திரிக்குப் போற பெரிய லைன் போகுது மேடம். ஆனா வாசனை வந்ததா ஒரு புகார்கூட..."

"வாசனை வராது. கேஸோட வாசனைய மண்ணு உறிஞ்சிடும். லைனை மூடுங்க."

"ஆஸ்பத்திரிக்குப் போறது மேடம், மேலதிகாரி கையெழுத்து இல்லாம..."

நான் ஸ்டியரிங்கில் ஓங்கிக் குத்தினேன். மேடம் போனை வைத்துவிட்டு தீயணைப்புக்கும் மின்சார அலுவலகத்துக்கும் சொன்னார். பிறகு எனக்கு விளக்கினார், அல்லது தனக்கே சொல்லிக்கொண்டார். மூன்று வாரத்துக்கு முன்னால் அந்தத் தெருவுக்குப் புதிதாகக் கான்கிரீட் போட்டிருக்கிறார்கள். ரோலர் ஓடின கனத்தில் அடியில் குழாய் விரிசல் விட்டிருக்கலாம். கேஸுக்கு மேலே வர வழியில்லை, மூடி போட்டாயிற்று. அதனால் மண்ணுக்குள்ளேயே பக்கவாட்டில் போய், வீட்டின் அஸ்திவாரம் வழியாக உள்ளே ஏறும்.

"அப்ப அடிச்சுவர் மேடம்? லேசான கேஸுன்னா மேலதான தள்ளணும்?"

"சைக்கிள் டியூபுக்குக் காத்தடிச்சா எங்க புடைக்கும்? எங்க நைஞ்சிருக்கோ அங்கதான. வெடிச்சா எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிதான் தள்ளும். அந்தச் சுவருக்கு அடியில ஈரம் ஏறி அரிச்சுப் போயிருக்கு, அது விட்டுடுச்சு. அந்தக் கணக்கே தப்புன்னு நாலு வருஷத்துக்கு முன்னாடியே நான் படிச்சிருக்கேன் அண்ணே. படிச்சும் எழுதினேன். பதின்மூணு தடவை சரியா வந்ததுன்னு எழுதினேன்."

நான் ஆக்சிலேட்டரை அழுத்தினேன்.

"இத்தனை நாள் இடிஞ்ச வீடு திறந்து கிடந்துச்சு, கேஸ் அது வழியா வெளியே போயிட்டு இருந்திருக்கும்" என்றார். "நேத்து நகராட்சிக்காரங்க பள்ளத்துல மண்ணைக் கொட்டி இடிச்சு இறுக்கிட்டாங்க. நான்தான் மூடலாம்னு கடிதம் கொடுத்தேன். இப்ப அது பக்கத்து வீட்டுக்குத்தான் போகும்."

பக்கத்து வீடு, நாலாவது வீடு, செத்துப்போன பெண்ணின் கணவருடைய அண்ணன் வீடு. அப்பாவும் மகளும் இப்போது அங்கேதான் இருந்தார்கள்.

வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்தச் சொன்னார். போனை வண்டியிலேயே வைக்கச் சொன்னார். கேஸ் அளக்கும் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார், ஓடவில்லை. நான் பின்னால் போனேன். அவர் கூப்பிடவில்லை, இருந்தாலும் போனேன். மூன்றாவது வீடு இருந்த இடம் மட்டமாக, பெருக்கிவிட்ட மாதிரி இருந்தது. மண் கொட்டிய தூசிக்குப் பயந்து நாலாவது வீட்டில் எல்லா ஜன்னலையும் சாத்தி வைத்திருந்தார்கள்.

வாசலுக்கு வந்ததும் பழக்கதோஷத்தில் அழைப்பு மணிக்குக் கையை நீட்டினேன். மேடம் என் கையில் ஓங்கி ஒன்று வைத்தார். அந்த அடி இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"மணிக்குள்ள பொறி வரும்" என்றார் மெதுவாக.

கருவியின் குழாயைச் சாவித் துவாரத்தில் வைத்தார். எண் ஏறியது. நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை, இரண்டு, மூன்று. மூன்றில் நின்று ஆடியது. ஐந்தைத் தொட்டால் ஒரு பொறி போதும். இது வாசல் பக்கத்து அளவுதான், உள்ளே அடுக்களையில் எவ்வளவோ. மேடம் விரல் முட்டியால் கதவைத் தட்டினார். நான் வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். பயம். ஒளிக்காமல் சொல்கிறேன், திரும்பி ஓட வேண்டும் என்று என் இரண்டு காலும் கெஞ்சின.

அண்ணன்காரர்தான் கதவைத் திறந்தார். மேடத்தைப் பார்த்ததும் முகம் கடுத்தது. "இன்னும் என்ன பாக்கி இருக்கு? எல்லாத்தையும் சாக்குல அள்ளிட்டுப் போயிட்டீங்களே!"

"ஐயா, கோபம் அப்புறம் படுங்க. உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?"

"ஏன்?"

"இந்த வீட்டுக்குள்ளயும் கேஸ் ஏறியிருக்கு. எந்த சுவிட்சையும் போட வேணாம், அணைக்கவும் வேணாம். போனைத் தொட வேணாம். எல்லாரும் அப்படியே வெளிய வந்துடுங்க."

"வாசனையே இல்லையேம்மா?"

"அங்கயும் இல்ல" என்றார் மேடம்.

அந்த மனிதர் கதவை முழுசாகத் திறந்து வழிவிட்டார். உள்ளே கூடம் அரையிருட்டாக இருந்தது. அண்ணன் மனைவி அடுக்களையிலிருந்து வந்தார். யார் வந்திருக்கிறார்கள் என்று தெரியாது, பாவம். வீட்டுக்கு ஆள் வந்தால் நாமெல்லாம் என்ன செய்வோம்? "வாங்க, உள்ள வாங்க, இருட்டா இருக்கு பாருங்க" என்று சொல்லிக்கொண்டே சுவரில் சுவிட்சை நோக்கிக் கையைக் கொண்டுபோனார்.

"தொடாதே!"

கத்தினது நான்தான். ஒரு பெண்மணியைப் பார்த்து அப்படி ஒருமையில் கத்தியது என் ஆயுளில் அதுதான் முதல் தடவை. அந்த அம்மாவின் கை காற்றிலேயே நின்றது. சுவிட்சுக்கும் விரலுக்கும் நடுவே நாலு விரற்கடைதான் இருக்கும். அவர் அழ ஆரம்பித்துவிட்டார். பரவாயில்லை, அழட்டும்.

"பிரிட்ஜ் ஓடுதா?" என்று கேட்டார் மேடம்.

"இப்பதான் நின்னுச்சு."

மேடம் என்னைப் பார்த்தார். பிரிட்ஜ் தானாக நிற்கும், தானாகத் திரும்ப ஓடும். ஓட ஆரம்பிக்கும்போது உள்ளே ஒரு 'கிளிக்'. அதை யாரும் தடுக்க முடியாது. பிளக்கைப் பிடுங்கினாலும் பொறிதான். கம்பத்தில் மின்சாரத்தை நிறுத்தத்தான் ஆள் வர வேண்டும், அவர்கள் இன்னும் வரவில்லை.

"குழந்தை எங்க?"

"பின் ரூம்ல. அப்பாகூடத் தூங்குது."

நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனேன். ஏன் கழற்றினேன் என்று தெரியாது. பின் அறையில் அந்த மனிதர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார், குழந்தை அவர் முதுகில் ஒட்டிக்கொண்டு தூங்கியது. தோளைத் தொட்டு எழுப்பினேன். "தம்பி, எழுந்திரிங்க. ஒண்ணும் கேட்காதீங்க, வாங்க." என் முகத்தில் என்ன பார்த்தாரோ, கேட்காமல் எழுந்தார். குழந்தையை நான் தூக்கிக்கொண்டேன். அடுக்களையைத் தாண்டும்போது அந்த பிரிட்ஜைப் பார்த்தேன். வெள்ளை பிரிட்ஜ், கதவில் குழந்தை ஒட்டின ஸ்டிக்கர். 'ஓடிடாதடா சாமி, ஓடிடாத' என்று அதனிடம் கெஞ்சிக்கொண்டே நடந்தேன். வாசலுக்குப் பதினெட்டு எட்டு. எண்ணினேன்.

எல்லோரும் தெருமுனைக்கு வந்த பிறகு மேடம் மற்ற இரண்டு வீட்டுக் கதவையும் தட்டி ஆட்களை வெளியேற்றினார். தீயணைப்பு வண்டி வந்தது. மின்சாரக்காரர் கம்பத்தில் ஏறினார். பதினோரு நிமிடம் ஆனது. அதற்குப் பிறகுதான் நான் உட்கார்ந்தேன். கருவியோடு உள்ளே போன தீயணைப்புக்காரர் வந்து, அடுக்களையில் நாலரை என்றார்.

குழந்தையின் அப்பா மேடத்திடம் வந்தார். "வாசனை வரலன்னு நான் அன்னிக்கே சொன்னேன். யாருமே கேட்கல."

"நான் கேட்டிருக்கணும்" என்றார் மேடம்.

சாயங்காலம் கான்கிரீட்டை உடைத்துத் தோண்டினார்கள். குழாயில் ஒரு கை நீளத்துக்கு விரிசல்.

மேலதிகாரி நல்லவர்தான், மேடத்தைக் காப்பாற்றப் பார்த்தார். 'புதிய தடயங்கள் கிடைத்துள்ளதால்' என்று தொடங்கி நாசூக்காக எழுதச் சொன்னார். மேடம் தனது அறிக்கையின் முதல் வரியிலேயே, 'எனது முதல்நிலை அறிக்கை தவறானது' என்று எழுதிவிட்டார். விசாரணை வந்தது, பதவி உயர்வு நின்றது. கணவர் அதைக் கேட்டு, "பரவால்ல விடு, பல் தூள் தட்ட எனக்கும் ஆள் வேணும்" என்றாராம். மேடம் அதற்குச் சிரித்ததாகத் தெரியவில்லை.

அடுப்புக்காரரை விட்டுவிட்டார்கள். கதை இங்கே முடிந்தது என்று நான் நினைத்தேன். இன்ஸ்பெக்டரும் அப்படித்தான் நினைத்தார், மிச்ச ஏழு சாக்கையும் கொட்டிவிடச் சொல்லி ஆள் அனுப்பினார், மேடம் கொடுக்கவில்லை. ஆனால் இரண்டு வாரம் கழித்து அந்தச் சம்சாரம் மறுபடியும் கேட்டருகே நின்றாள்.

"அவரு வேலைக்குப் போக மாட்டேங்கிறாருண்ணே. யாரு கூப்பிட்டாலும் போறதில்ல. 'கேஸ் வராததால தப்பிச்சேன், வந்திருந்தா? நான் முடுக்கினேனா?'ன்னு அதையே கேட்டுட்டு உட்கார்ந்திருக்காரு. எங்க வீட்டு அடுப்பையே பத்த வைக்க விட மாட்டேங்கிறாரு."

மேடம் அன்றைக்கே கொட்டடிக்குப் போய் முப்பத்திரண்டாவது சாக்கை அவிழ்த்தார். வழக்கு இல்லை, உத்தரவு இல்லை, கேட்பாரும் இல்லை. ஆறு நாள், வேலை நேரம் முடிந்த பிறகு ஒரு மணி நேரம் சலித்தார். சுண்டுவிரல் மோதிரம் அளவு கிளிப்பு அது, முப்பத்தேழாவது சாக்கில் இருந்தது. கரிந்து போயிருந்ததே தவிர உருகவில்லை.

அடுப்புக்காரரைக் கூடத்துக்கு வரவழைத்தார். ஆள் பாதியாகியிருந்தார். மனைவி கையைப் பிடித்து அழைத்து வந்து உட்கார வைத்தாள். மேடம் அவரெதிரே உட்கார்ந்து, "கிளிப்பு கிடைச்சிடுச்சுங்க. கடைசி மரை வரைக்கும் முடுக்கியிருக்கீங்க. உறுதியா சொல்றேன்" என்றார்.

அந்த மனிதர் நிமிர்ந்து பார்த்தார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

"அன்னிக்கும் உறுதின்னுதானம்மா எழுதியிருந்தீங்க? இன்ஸ்பெக்டர் வாசிச்சுக் காட்டினாரு. நீங்க படிச்சவங்க, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு, என் கையை நம்பாம உங்க பேப்பரை நம்பினேன். இப்ப எதை நம்ப?"

மேடம் எழுந்து நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

"என்னை நம்ப வேணாம்" என்றார். "நீங்களே பாருங்க."

பெரிய பூதக்கண்ணாடிக்கு அடியில் கிளிப்பை வைத்து, விளக்கைத் திருப்பிவிட்டு, தள்ளி நின்றுகொண்டார். அடுப்புக்காரர் வர மாட்டேன் என்றார். மனைவி முதுகில் கை வைத்துத் தள்ளினாள். குனிந்து பார்த்தார். முதலில் கிளிப்பைச் சுற்றிப் பார்த்தார். பிறகு திருகின் தலையைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"என் திருப்புளிக்கு ஒரு முனை உடைஞ்சிருக்கும்" என்றார் மெல்ல. "மாத்தணும் மாத்தணும்னு மாத்தவே இல்ல. கடைசியா ஒரு அழுத்து அழுத்தித் திருகினா பள்ளத்துல ஒரு பக்கம் மட்டும் கீறும். வேற யாரு திருகினாலும் இப்படி வராது."

அவர் வலது கையைத் தூக்கி வெளிச்சத்தில் ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். பிறகு மறுபடியும் குனிந்தார்.

"முடுக்கியிருக்கேன்" என்றார் மனைவியிடம். "ஏய், வந்து பாரேன். நான் முடுக்கியிருக்கேன்டி."